லிஃப்ட் கண்ணாடியும் பழவேற்காட்டுச் சாயமும்

நம் பி பிளாக் லிஃப்டில் போன தீபாவளிக்கு முன்பு புது எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள். அதுவரை என் தலையில் நரை இருப்பது எனக்கும் என் சீப்புக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. புது வெளிச்சத்தில் மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் காதோரம் இருந்த அத்தனை வெள்ளை முடியையும் எண்ணி முடித்துவிட்டேன். வயது 48. மறுநாள் நம் மகளிர் வாட்ஸ்அப் குழுவில் "எந்த கலர் நல்லா இருக்கும்?" என்று ஒரு வரி போட்டேன். பராமரிப்புக் கட்டணம் பற்றிய அறிவிப்புக்கு நாலு பேர் பதில் போடும் குழுவில் இதற்கு அறுபத்து மூன்று பதில்கள் வந்தன. பர்கண்டி, டார்க் பிரவுன், மருதாணி, அவுரி, "ஒண்ணும் போடாதீங்க அக்கா, அப்படியே விடுங்க" என்று ஆளுக்கொன்று. படித்துக்கொண்டே வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நரையை மறைக்க வேண்டும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? நம் பாட்டிமார் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதாக நினைவில்லையே. தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடியில் காதோர நரையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களில் நம் இலக்கியத்தில் மூத்தவர் தசரதர்தான். கம்பராமாயணத்தில், அரசை மகனிடம் கொடுத்துவிட்டு நீ தவம் செய்யப் போ என்று காதுக்குள் சொல்ல வந்ததைப்போல ஒரு முடி வெளுக்கிறது. அவர் சாயம் தேடவில்லை. மந்திரிகளைக் கூட்டி ராமனுக்குப் பட்டம் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார். நரை அங்கே ஓய்வுக்கான ஓலை. (அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது வேறு கதை.)

புறநானூற்றின் 191ஆம் பாடல் பிசிராந்தையாருடையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து நண்பனைத் தேடி வந்தவர் இவர். வயது ஆகியிருக்கிறது, தலையில் நரை இல்லை. எப்படி என்று கேட்டார்கள். நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொன்னதைக் கேட்கும் ஏவலர், கொடுமை செய்யாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர் என்று காரணம் சொல்கிறார். அதாவது நரைக்குக் காரணம் கவலை. கவலைக்குக் காரணம் சுற்றி இருப்பவர்கள். ஊர் நன்றாக இருந்தால் முடி கருப்பாக இருக்குமாம். நம் சங்கத்தின் நிர்வாகக் குழு இதைக் கவனிக்கலாம்.

எனக்குப் பிடித்தது கரிகாலன் கதை. பழமொழி நானூறு அதைச் சொல்கிறது. வழக்கு ஒன்றோடு வந்த முதியவர்கள் அரியணையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினார்கள். இவனா நமக்கு நீதி சொல்வான்? கரிகாலன் நரைமுடி தரித்து, கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். ஒத்துக்கொண்டார்கள். பிறகுதான் வேடம் தெரிந்தது. இன்று நாம் கருப்பைப் பூசிக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறோம். அன்று ஓர் அரசன் வெள்ளையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். நரைக்கு ஒரு காலத்தில் சந்தை மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்காகப் பழங்காலத்தில் யாரும் முடிக்கு நிறம் ஏற்றவில்லை என்று சொல்ல வரவில்லை. மருதாணியும் அவுரியும் கரிசலாங்கண்ணியும் கடுக்காயும் வீட்டு வைத்தியத்தில் எப்போதும் இருந்தவை. கரிசலாங்கண்ணி எண்ணெய் கருப்பாக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கள் அம்மா நாற்பது வருடம் தடவினார், அழகாகவே நரைத்தார். ஆனால் மருதாணி, அவுரி, கடுக்காய் மூன்றும் நிஜமான சாயங்கள். அவை மூன்றும் தலைக்கென்று மட்டும் வந்தவை அல்ல. துணிச் சாயக்காரர்களின் சரக்குகளில் இருந்தவையும்கூட. இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாம் மீனுக்கும் படகுக்கும் போகிறோம். டச்சுக்காரர்கள் துணிக்காக வந்தார்கள். 1610 வாக்கில் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய முக்கியத் தளம் அதுதான். அந்தக் கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கரையின் துணிக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததற்குக் காரணம் நெசவு மட்டும் இல்லை. துவைத்தாலும் போகாத நிறம். சிவப்புக்கு மணற்பாங்கான கரையோரத்தில் விளையும் சாயவேர், நீலத்துக்கு அவுரி. வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கு ஆங்கில அகராதியில் 'புல்லிகாட்' என்றே பெயர் ஏறிவிட்டது. பழவேற்காட்டைத்தான் அப்படி அழைத்தார்கள்.

கருப்புக்கு என்ன செய்தார்கள் என்பதை இன்றும் காளஹஸ்தியில் கலம்காரி எழுதுபவர்களிடம் பார்க்கலாம். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். தனியாக ஒரு பானையில் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். அந்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால் துணி பட்ட இடத்தில் கருத்துவிடும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு, அவ்வளவுதான் ரகசியம். மருதாணியை ஏன் இரும்புச் சட்டியில், டீத்தூள் டிகாக்‌ஷன் விட்டு, இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்கிறார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. நம் வீட்டுப் பெண்கள் சமையலறையில் செய்தது அதே கலம்காரிக் கருப்புதான், கொஞ்சம் நீர்த்த வடிவில்.

அவுரியும் அப்படியே. இலையில் நீலம் கிடையாது, பச்சைதான். தண்ணீரில் ஊறியதும் ஒரு பொருள் பிரிந்து வரும், அது காற்றுப் பட்டதும் நீலமாகும். துணியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருந்து கண்ணெதிரே நீலமாவது இதனால்தான். தலையிலும் இதே வேலை. முதலில் மருதாணி போட்டால் வெள்ளை முடி செம்பட்டையாகும். அதன்மேல் அவுரி போட்டால் சிவப்பும் நீலமும் சேர்ந்து கரும்பழுப்போ கருப்போ ஆகும். மருதாணி இல்லாமல் நேராக அவுரி போட்டால் வெள்ளை முடி நீலமோ பச்சையோ அடித்துக் காட்டும். ஏ பிளாக்கில் ஒருவருக்கு அப்படி ஆனது; பெயர் சொல்லமாட்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து அவுரி நீலம் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பயிர் படுத்துவிட்டது. இன்று திண்டிவனம் பக்கம் மிச்சமிருக்கும் அவுரியில் ஒரு பங்கு நீலக்கட்டியாக ஜீன்ஸ் துணிக்கும், ஒரு பங்கு காய்ந்த இலைப்பொடியாகத் தலைக்கும் போகிறது. துணி கைவிட்டதைத் தலை பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

செயற்கைச் சாயத்தின் கதையும் துணியில்தான் தொடங்குகிறது. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியா மருந்தான கொய்னாவைச் செய்யப் பார்த்தான். கிடைத்தது கருஞ்சேறு; அதிலிருந்து ஊதா நிறம் வந்தது. அது பட்டில் ஒட்டியது, போகவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து நிறம் எடுக்கும் தொழில் அங்கே பிறந்தது. பெர்கினின் ஆசிரியர் ஹாஃப்மன், அதே தார் குடும்பத்தில் பாரா-ஃபெனிலீன்டையமின் என்ற பொருளை ஆராய்ந்து எழுதினார். சுருக்கமாக பி.பி.டி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கருப்பு டை பாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றின் உயிர் இதுதான். இதை முடிச்சாயமாகப் பயன்படுத்த 1883இல் பிரான்ஸில் காப்புரிமை எடுத்தார்கள். 1907இல் எழேன் ஷ்யுலேர் என்ற இளம் வேதியியலாளர் பாரிஸ் சலூன்களுக்குத் தன் சாயத்தை விற்கத் தொடங்கினார். 1909இல் கம்பெனி பதிவானது. அதுதான் இன்றைய லோரியால். அந்தக் கம்பெனியின் முதல் பெயரிலேயே 'தீங்கற்ற முடிச்சாயம்' என்ற வார்த்தைகள் இருந்தன. தீங்கற்றது என்று பெயர்ப்பலகையில் எழுதவேண்டியிருந்தது என்றால், அன்றைய மற்ற சாயங்களின் லட்சணம் புரியும். அவற்றில் பல ஈயமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்தவை. வெள்ளி நைட்ரேட் நமக்குத் தெரியாதது இல்லை. வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மையில் இருப்பது அதுவே.

பி.பி.டி. வேலை செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானது. அதன் மூலக்கூறு மிகச் சிறியது, நிறமற்றது. அம்மோனியா முடியின் செதில்களைத் திறந்துவிடும்; சாயம் உள்ளே நுழையும்; கூடவே கலக்கும் பெராக்சைடு அதை உள்ளேயே பெரிய, நிறமுள்ள மூலக்கூறாக ஆக்கிவிடும். பெரியதானதால் வெளியே வர முடியாது. சாமான்களைத் துண்டு துண்டாகக் கதவு வழியே கொண்டுபோய் அறைக்குள் பீரோவாகப் பூட்டியதுபோல. ஆனால் வேரிலிருந்து புதிதாக வரும் முடிக்கு இதெல்லாம் தெரியாது. மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்றாவது வாரமே வகிட்டில் வெள்ளைக் கோடு. டை அடிக்கத் தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் கஷ்டம் என்பது இதனால்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஓர் இமைச் சாயம் விற்றார்கள். இதே குடும்பத்துச் சாயம். பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண்ணே போனது, உயிரிழப்பும் நேர்ந்தது. அழகுசாதனங்களைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் அன்று அவர்கள் அரசுக்கு இல்லை. 1938இல் சட்டம் வந்தது. நம் ஊர் டை பாக்கெட்டின் ஓரத்தில், எறும்பு எழுத்தில், "இமைக்கும் புருவத்துக்கும் போடாதீர்கள், பார்வை போகலாம், முதலில் சோதித்துப் பாருங்கள்" என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை இருக்கிறதே, அது அந்தப் பெண்களின் கண்ணிலிருந்து வந்த வாசகம். நம் நாட்டு விதிகளும் அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிடச் சொல்கின்றன. எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

என் தங்கை கணவர் படிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் உருக்காலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஆறு வருடமாக ஒரே பிராண்ட், ஒரே சலூன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொண்டு வந்தார்; மறுநாள் காலை கண் திறக்க முடியாமல் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்று அவர் டாக்டரிடம் கேட்க, "அலர்ஜி அப்படித்தான் சார், உடம்பு ஒருநாள் கணக்கு முடிச்சிடும்" என்றாராம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தப் பொருளை உடம்பு மறக்காது. அவர் நாலு நாள் விடுப்பு எடுத்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள், "வேற எந்த டை அடிக்கலாம்?" என்று. எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன பதில் வாயை அடைத்துவிட்டது: "அண்ணி, கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம். லைன்ல எல்லாரும் சின்னப் பசங்க. வெள்ளைத் தலையோட போய் நின்னா முதல் பார்வை எங்க போகும் சொல்லுங்க."

நரையை மறைக்கும் பழக்கம் நம் தெருவரைக்கும் எப்படி வந்தது என்பதற்கான விடையில் பாதி இந்தப் பேச்சில் இருக்கிறது. வயல் வேலையில் நரைத்தவருக்குத் தனி மரியாதை. மழை எப்போது வரும் என்று அவரைத்தான் கேட்பார்கள். 1971இல் சிப்காட் தொடங்கி, பிறகு கும்மிடிப்பூண்டியிலும் வளாகம் வந்து, திருவள்ளூரைச் சுற்றிக் காக்களூர் போன்ற தொழிற்பேட்டைகள் எழுந்த காலத்தில், வேலை கொடுப்பவர் கேட்டது அனுபவத்தை அல்ல, வேகத்தை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பம்பாயிலிருந்து கோத்ரெஜ் டையும் வாஸ்மாலும் நம் மளிகைக்கடை கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. மீதிப் பாதி சாஷே. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொடங்கியது பிறகு கெவின்கேராக வளர்ந்து, இண்டிகா என்ற பெயரில் தலைச்சாயமும் விற்றது. ஷாம்பூ பழக்கிய வழியில் டையும் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கியது. பாட்டில் வாங்க யோசித்தவர், ஒரு தடவைக்கு மட்டும் என்று பாக்கெட் வாங்கினார். கல்யாணத்துக்கு ஒரு தடவை, இன்டர்வியூவுக்கு ஒரு தடவை. அப்புறம் அதுவே வழக்கமானது.

ஆண்களுக்கு ஒரு விடுதலை 2011இல் வந்தது. வெங்கட் பிரபுவின் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார், அதுவும் அவருடைய ஐம்பதாவது படத்தில். ஆகஸ்ட் கடைசியில் படம் வந்தது. 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற சொல் நம் சலூன்களுக்கு வந்ததும் அப்போதுதான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் டையை நிறுத்தினார்கள்; ஒருவர், சத்தியமாகச் சொல்கிறேன், நரை வருவதற்கு முன்பே கொஞ்சம் வெள்ளை பூசிக்கொண்டார். கரிகாலன் வம்சம்! ஒரு கதாநாயகி அப்படி நரைத்த தலையோடு வந்து, தியேட்டரில் விசில் பறந்த தமிழ்ப்படம் எதுவும் என் நினைவில் இல்லை. எங்கள் அம்மா காலத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி இருந்தார், நரைத்த கொண்டையில் மல்லிகைச் சரத்தோடு மேடையில் உட்கார்ந்தால் அதுவே லட்சணம். எனக்கு அடுத்த தலைமுறைக்கு யார் என்று தெரியவில்லை.

பெண்களுக்குப் பிரச்சினை வேலையில் மட்டும் இல்லை, கூப்பிடும் முறையில் இருக்கிறது. காய்கறிக்காரர் "அக்கா" என்றவர் "அம்மா" என்று மாறியது ஒரு வருடம். புறநகர் ரயிலில் ஒரு பெண் எழுந்து "உக்காருங்க பெரியம்மா" என்று இடம் கொடுத்தது அடுத்த வருடம். அவள் நல்ல மனதோடுதான் கொடுத்தாள். நானும் உட்கார்ந்தேன். பொன்னேரி வரைக்கும் மனது நின்றுகொண்டே வந்தது.

2020 ஊரடங்கு எல்லோர் குட்டையும் உடைத்தது. மார்ச் கடைசியில் சலூன்கள் மூடியபோது கருப்பாக இருந்தவர்கள் மே மாதம் காய்கறி வண்டிக்கு இறங்கி வந்தபோது பாதி வெள்ளை. மாஸ்க்கு மேலே தெரிந்ததே தலைதான். நம் வளாகத்தில் நாலைந்து பேர் அப்போது விட்டவர்கள், திரும்பப் போகவே இல்லை.

குழுவில் கேட்டவர்களுக்காக, கடையில் கேட்டு, பாக்கெட்டைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். "அம்மோனியா இல்லை" என்றால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தம் இல்லை; பின்பக்கம் பார்க்க வேண்டும். "கருப்பு மருதாணி" என்று ஒரு செடி கிடையாது. மருதாணி ஆரஞ்சுதான் தரும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் ஹெர்பல் பொடியில் பெரும்பாலும் அதே பி.பி.டி. கலந்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் "அவுரி" என்று மட்டும் கேட்காதீர்கள். தென்மாவட்டங்களில் வயிற்றுக்குச் சாப்பிடும் நிலாவாரைக்கும் அவுரி என்றே பெயர். அது தலைக்கு நிறம் தராது. "நீல அவுரி, சாயத்துக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். எதைப் போட்டாலும் முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரம், வழக்கமாக 48 மணி நேரம், பொறுத்துப் பாருங்கள். ஆறு வருடமாகப் போடுபவரும்தான். நிறம் என்று கேட்டால், நாற்பதைத் தாண்டிய முகத்துக்குக் கன்னங்கருப்பு பொருந்தாது, கரும்பழுப்புதான் இயல்பாக இருக்கும். வேர் வளரும்போதும் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

தங்கை கணவர் இப்போது மருதாணி போட்டு, மறுநாள் நீல அவுரி போடுகிறார். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான். ஞாயிறு முழுக்கத் தலையில் பிளாஸ்டிக் கவரோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். கான்ட்ராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். காரணம் தலையா, வேலையா என்று அவருக்கும் தெரியாது.

நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. மகளுக்கு அடுத்த வருடம் வரன் பார்க்கப் போகிறோம்; மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் நான் எப்படி இருக்க வேண்டும் என்று என் மாமியாரைக் கேட்டேன். வெள்ளைவெளேர் தலையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "பொண்ணைத்தானே பார்க்க வர்றாங்க?" என்றார். லிஃப்டில் அந்த எல்.இ.டி. விளக்கு போன வாரம் பியூஸ் போய்விட்டது. புகார் புத்தகத்தில் நான் இன்னும் எழுதவில்லை.